அப்பாவுக்கு நரை வைத்த நாள்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் ஊர்க்காரர் யாராவது வாசித்தால், வாசித்ததோடு விட்டுவிடுங்கள். என் பெயரைப் போடவில்லை. பெரியப்பா மகன் தேனிக்குப் போயிருக்கிறான். அவனுடைய கம்ப்யூட்டர் இன்று ராத்திரி மட்டும் எனக்கு.

மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த போட்டோவைத் தொட்டிருக்கிறீர்களா? இளஞ்சூடாக இருக்கும். லேசாகப் புளித்த மருந்து வாடை அடிக்கும்...

நான் ஒன்பதாவது படித்த வருஷம். அம்மா கம்பத்தில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தாள். வந்து விழும் பிரிண்டுகளை வெட்டி, பிரித்து, கவரில் போடும் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். எங்கள் ஊர் பஸ் வரும்வரை ஏசி ரூம் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அப்பா ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனவர், நான் கைக்குழந்தையாக இருந்தபோது இறந்துவிட்டார். கல்யாண ஆல்பம் மழையில் ஒட்டிப்போனது. மிஞ்சியது லைசென்ஸில் இருந்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். அதிலும் தோளில் பாதி சீல் விழுந்திருக்கும். அப்பா போனதிலிருந்து நாங்கள் இருப்பது பெரியப்பா வீட்டில்.

லேபில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் செல்வம் அண்ணன்தான். தனித்தனியாக இருக்கும் புருஷன் பெண்டாட்டி படங்களை ஒன்றாகச் சேர்த்து ஜோடி போட்டோ செய்வார். ஒருநாள் சுருளிப்பட்டிக்காரர் ஒருவருடைய ஜோடி போட்டோவை வெட்டிய அம்மா, கவரில் போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் கைக்குட்டைக்குள் சுற்றி அப்பாவின் லைசென்ஸைக் கொண்டுவந்தாள்.

"அண்ணனுக்குக் கலர் குடுக்கவாக்கா?" அப்பா படத்தைக் காட்டிச் செல்வம் அண்ணன் கேட்டார்.

"வேணாம் தம்பி. அவுகள அப்பிடியே விட்டுட்டு என்னைய மாத்திரு."

அம்மாவை நிற்கவைத்துப் படம் எடுத்து, நிறத்தையெல்லாம் உருவிவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா மேல் விழுந்திருந்த சீல் அடையாளத்தை அழித்துத் தோளைச் சரிசெய்தார். முதல் பிரிண்ட் வந்து விழுந்தது. கலர் பேப்பரில் கருப்பு வெள்ளை அடித்தால் ஏதாவது ஒரு நிறம் எட்டிப்பார்க்கும். இரண்டு பேரும் பச்சையாக இருந்தார்கள்.

"என்ன தம்பி, பச்சத் திராட்சை மாதிரி இருக்கோம்."

"இருங்கக்கா, பழுக்க வப்போம்."

அடுத்தது செம்பு நிறத்தில் வந்தது. அதற்கும் அடுத்ததுதான் சரியான சாம்பல். வேஸ்ட் பிரிண்டை நாலாக வெட்டிக் கூடையில் போடுவது லேப் வழக்கம். அம்மா பச்சையையும் செம்பையும் கட்டர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். செல்வம் அண்ணன் இரண்டையும் வாங்கித் தன் டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அம்மா சரியான பிரிண்டை உற்றுப் பார்த்தாள். படத்தில் அவள் நெற்றியில் பொட்டு இருந்தது.

"தம்பி... இது என்னத்துக்கு?"

"ஜோடி போட்டோன்னா வைக்கிறதுதானக்கா. கருப்பு வெள்ளையில அது ஒரு கருப்புப் புள்ளி. செவப்புன்னு யாரு கண்டா?"

அதற்கு முந்தின வருஷம் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கிளம்பியபோது அம்மா சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தாள். பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி, "யாரு பாக்க இந்தச் சோடனை?" என்று கேட்டாள். பெரியப்பா ஒரு வாரம் அம்மாவை வேலைக்கு அனுப்பவில்லை. அந்த வேலை நின்றால் என் படிப்பும் நின்றுவிடும்.

'எடுக்கச் சொல்லும்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அம்மா பொட்டைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு இருக்கட்டும். பக்கத்துல நிக்கிறப்ப நான் இவுகளுக்கு ஆத்தா மாதிரி இருக்கேனே தம்பி."

"அதுக்கென்னக்கா, உங்களுக்குப் பத்து வயசு கொறைச்சிருவோம்."

"எனக்குக் கொறைக்க வேணாம். அவுகளுக்கும் வயசாகட்டும்."

செல்வம் அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்புறம் திரையில் அப்பா முகத்தைப் பெரிதாக்கிவிட்டுக் கேட்டார்.

"முன்வழுக்கை விடவாக்கா? குடும்பத்துல உண்டா?"

"அவுக அண்ணனுக்கு உண்டு. இவுகளுக்கு வேணாம்."

"தொப்பை?"

"அதுவும் அவுக அண்ணனுக்குத்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியப்பாவை வைத்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

காதோரம் கொஞ்சம் நரை. கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு. கன்னத்தில் லேசான தளர்வு. அம்மா சொல்லச் சொல்ல அண்ணன் வைத்தார். லைசென்ஸ் படத்தில் இருந்தவரை அப்பா என்று நினைக்க எனக்கு வந்ததே இல்லை. ஏதோ கல்லூரி அண்ணன் மாதிரி இருப்பார். திரையில் நரை ஏற ஏற, பஸ் ஸ்டாண்டில் என் கூட்டாளிகளைக் கூப்பிட வரும் அப்பாக்களைப் போல ஆனார்.

"ஏத்தா, நீ பாரு. சரியா இருக்காகளா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

பார்த்த ஞாபகமே இல்லாதவரைப் பற்றி நான் என்ன சொல்வது? "சரியா இருக்காகம்மா" என்றேன்.

இப்போது நான் பதினொன்றாவது. செல்வம் அண்ணன் கட்டப்பனையில் வேறு லேபுக்குப் போய்விட்டார். எல்லாரும் செல்போனிலேயே படம் வைத்துக்கொள்கிறார்கள். லேபில் முன்போலக் கூட்டம் இல்லை என்கிறாள் அம்மா. போட்டோ இவ்வளவு நாள் அவள் தகரப்பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. பெரியப்பா மகனுடைய கல்யாணத்துக்காக நாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். எல்லாப் பெட்டியையும் காலி செய்து வெளியே வைக்கப்போகிறார்கள். அதனால் சாயங்காலம் அம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டாள். கீபோர்டு பக்கத்தில் இருக்கிறது. எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது உச்சியும் நரைத்துவிட்டது. படத்தில் அப்பா அன்று வைத்த நரையோடு அப்படியே நிற்கிறார். அவள் மறுபடியும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை கட்டப்பனைக்குப் போய் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் நரை

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இப்படித் தட்டமாட்டாள்