பக்கத்துத் தறி

இரண்டு வருடத்துக்கு முன்னால், வைகாசி மாதம், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் நடந்தது இது. இடம், சோமனூரில் இருக்கும் என்னுடைய மரப் பட்டறை.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், பின்னால் நான் குடியிருக்கும் ஒற்றை அறை, அவ்வளவுதான். அளவு சொன்னால் அந்த அளவுக்குக் கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேஜை எல்லாம் செய்து கொடுப்பேன். கோவை ஆர்.எஸ்.புரம் பக்கமிருந்து அபார்ட்மென்ட்காரர்கள் வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும், ஆனால் அளவில் பாதிதான் இருக்க வேண்டும் என்பார்கள். இருந்தாலும் எனக்குச் சோறு போடுவது சீர் கட்டில்தான். பெண் வீட்டார் கல்யாணச் சீரில் வைக்கிற இரட்டைக் கட்டில். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் தலை சொறியக்கூட நேரம் இருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தோட்டம் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பெண்தான் கிடைக்கவில்லை என்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறோம். என் ஜாதகத்தை வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்த தரகர், கடைசியில் தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடமே கட்டில் செய்யச் சொன்னார். நல்ல கட்டிலாகத்தான் செய்து கொடுத்தேன்.

அம்மா இறந்த பிறகு, செல்லமாக என்னைக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது. கூடப் பிறந்த அக்கா கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பேசுவாள். மற்றபடி என் போன் அடித்தால் அது வாடிக்கையாளராகத்தான் இருக்கும். என்னிடம் வேலை செய்யும் ஆசாரிகள் இரண்டு பேரும் சாயங்காலமானால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு நான் வாயைத் திறப்பதற்கு அவசியமே இருக்காது. சில நாள் காலையில் பேச ஆரம்பிக்கும்போது தொண்டை கட்டியிருக்கும்.

என்னோடு தினமும் தவறாமல் பேசிய ஒரே ஆள் பக்கத்துத் தறிக்கார அக்காதான். அதுவும் சண்டைதான். அந்த அக்காவும் அவர் வீட்டுக்காரரும் எங்கள் சுவரை ஒட்டிய ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். நான் இழைப்பு மெஷினைப் போட்டால் மரத்தூள் பறந்து அவர் ஜன்னல் வழியாகப் போய்ப் பாவு நூலில் உட்கார்ந்துவிடும். துணியில் கறை விழும். அவர் உடனே வாசலுக்கு வந்துவிடுவார். எங்கள் ஊரில் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்பார்.

"உங்க தறி போடற சத்தத்துல எனக்குக் காது செவுடாயிருச்சுங்க, அத நான் வந்து சொன்னனுங்களா?" என்பேன் நான்.

இப்படியே போய், கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். மெஷின் போடுவதற்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார். இழைத்து முடித்ததும் மறுபடி போய்ச் சொன்னால் திறந்துகொள்வார். வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தறி ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் சொல்லப் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கதவை நான் கேட்கும்படி அடித்துச் சாத்துவார். எனக்கும் அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது.

அன்றைக்குப் பல்லடத்துக்கு ஒரு சீர் கட்டில் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க வேண்டும். முதல் நாளே பெண்ணின் அம்மா போன் செய்திருந்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. கட்டில மாட்டறது மட்டும் கல்யாணமாயிக் கொழந்தகுட்டியோட இருக்கறவங்க கையால மாட்டட்டுங்க. பெரியவங்க ஆசப்படறாங்க."

"அதுக்கென்னங்கக்கா, எங்க ஆசாரிக ரெண்டு பேருமே புள்ளகுட்டிக்காரங்கதானுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வலித்தது. மரம் பார்த்து வாங்கியது நான், தலைமாட்டில் மயில் வரைந்தது நான், பாலிஷ் போட்டது நான். கடைசியில் நான்கு போல்ட்டை முடுக்க மட்டும் என் கை ஆகாது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல்தான் எனக்கு ஏதோ அருவருப்பு மாதிரி வந்தது.

காலையில் ஆசாரிகள் இருவரையும் கட்டிலோடு டெம்போவில் ஏற்றி அனுப்பினேன். கல்யாண வீடு, சாப்பிடாமல் விடமாட்டார்கள், திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும் என்று தெரியும். சும்மா இருந்தால் மனது கண்டதையும் நினைக்கும். அலமாரி ஒன்றுக்குத் தேக்குச் சட்டங்கள் இழைக்க வேண்டியிருந்தது. தறிக்கார அக்காவிடம் போய், இன்னும் கொஞ்ச நேரத்தில் மெஷின் போடப்போகிறேன் என்று சொன்னேன். வழக்கம் போல ஜன்னல்கள் டமார் டமார் என்று சாத்திக்கொண்டன.

தேக்குச் சட்டங்கள் சுவர் ஓரம் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் பிளைவுட் ஷீட்டுகளைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கியிருந்தோம். பின்னால் இருக்கிறதை எடுக்க வேண்டுமானால், ஒரு ஆள் ஷீட்டுகளை மொத்தமாக முன்பக்கம் சாய்த்துத் தோளில் தாங்கிக்கொள்வார், இன்னொரு ஆள் உருவுவார். இரண்டு பேர் செய்கிற வேலை. எத்தனையோ தடவை நானே ஆசாரிகளைத் தனியாகச் செய்யாதே என்று அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னமோ, எனக்கு ஆள் வேண்டாம் என்கிற வீம்பு. ஷீட்டுகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் சட்டத்தைப் பிடித்து இழுத்தேன்.

தரையில் மரத்தூள் கிடந்ததில் ஷீட்டுகளின் அடிப்பக்கம் வழுக்கியது. மொத்தப் பாரமும் என்மேல் சாய்ந்தது. பின்னால் தள்ளாடிப் போனேன். முதுகில் இழைப்பு மெஷினின் இரும்பு மேடை இடித்தது. அதோடு நின்றுவிட்டேன். முன்னால் ஷீட்டுகள், பின்னால் இரும்பு, நடுவில் என் நெஞ்சு. ஒரு கை ஷீட்டுகளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, இன்னொரு கை உடம்போடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தது.

முதலில் பயம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். தள்ள முடியவில்லை. மூச்சை விட்டால் ஷீட்டுகள் இன்னும் கொஞ்சம் நெருங்கின. மறுபடி மூச்சை இழுத்தால் நெஞ்சு விரிய இடமில்லை. அப்போதுதான் புரிந்தது, இப்படியே ஒவ்வொரு மூச்சாகக் குறைந்து போகப்போகிறேன் என்று. கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. நாலாபக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முழு மூச்சோடு கத்தினாலே எங்கள் தெருவில் கேட்காது. போன் எட்டாத தூரத்தில் சார்ஜில் இருந்தது.

யார் வருவார்கள் என்று யோசித்தேன். இப்போது என்னைத் தேடக்கூடிய ஆள் யார்? மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று யார் நினைப்பார்கள்? ஒருவரையும் நினைக்க முடியவில்லை. சாயங்காலம் ஆசாரிகள் வந்துதான் பார்ப்பார்கள். அதுவரை தாங்காது. நெஞ்சு வலியைவிட அந்த நினைப்புதான் என்னை உடைத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையில்லை. சாவதற்குக்கூட அவ்வளவு பயமாக இல்லை. சாயங்காலம் வரை ஒருத்தருக்கும் தெரியாமல் நின்றுகொண்டே கிடப்பேனே என்றுதான் அழுதேன்.

கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, வாசலில் அந்தக் குரல் கேட்டது. அவ்வளவு கோபமாக அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ஏனுங்க தம்பி! மெஷினப் போடறதுன்னாப் போடுங்க, இல்லீன்னா இல்லீன்னு சொல்லித் தொலைங்க! ஜன்னலச் சாத்திப்போட்டு எத்தன நேரமுங்க நாங்க வெந்து சாகறது? ஒரு பொட்டுத் தூளக் காணோம்…"

உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அட என்ர சாமி! என்ன கண்ணு இது!"

ஓடி வந்து ஷீட்டுகளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தார். அசையவில்லை. பிறகு எப்படியோ என் பக்கமாக உள்ளே தோளைக் கொடுத்து, காலை மெஷின் மேடையில் உதைத்துக்கொண்டு முட்டினார். கொஞ்சம் இடம் கிடைத்தது. ஒரு முழு மூச்சு உள்ளே போனது. அந்த மூச்சின் ருசியை என்னால் எழுத முடியாது. அவர் அங்கே நின்றபடியே வீட்டுக்காரரைக் கூவினார். கேட்குமா? ஓடிக்கொண்டிருப்பது அவருடைய தறிகளேதான். விட்டுவிட்டுப் போனால் பாரம் மறுபடி என்மேல் இறங்கும். போகாவிட்டால் எத்தனை நேரம்தான் தாங்குவார்?

"கண்ணு, நா உட்டுப்போட்டு ஓடோணும். மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்கோ. உட்றாத. இதா, வந்தர்றேன்."

இழுத்துப் பிடித்தேன். அவர் தோளை எடுத்தார். பாரம் இறங்கியது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது ஒரு அமைதி. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத் தறியும் ஒரே அடியாக நின்றது. அத்தனை வருடத்தில் மின்சாரம் போகாமல் அந்தத் தறிகள் பகலில் மொத்தமாக நின்று நான் கேட்டதில்லை. "ஆருங்க மெயின அமத்துனது?" என்று அவர் வீட்டுக்காரர் போட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் அந்த அக்காவின் அலறல். தெருவே திரண்டு வந்துவிட்டது. ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தார்கள். நான் அப்படியே மரத்தூளில் சரிந்தேன்.

விலா எலும்பில் விரிசல், தோள்பட்டை பிசகல். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து கூட இருப்பது யார் என்று கேட்டபோது அந்த அக்காதான் எழுந்து நின்றார். புடவையெல்லாம் தூள், தலையில் நூல் பிசிறு.

"நாந்தானுங்க."

"நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். அம்மா என்று சொல்ல வயது போதாது. கூடப் பிறந்த அக்கா என்று சொன்னால் பொய். வேறு எந்த உறவும் எங்களுக்குள் கிடையாது, சண்டையைத் தவிர.

"பக்கத்துத் தறிங்க" என்றார்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் விலா வலித்தது, வலியில் அழுகையும் வந்துவிட்டது. அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சும்மாரு கண்ணு, எலும்பு சேரோணுமல்ல" என்றார். அம்மாவுக்குப் பிறகு என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அவர்தான்.

குணமாகி வந்து பட்டறையைத் திறந்தேன். அடுத்த வாரமே தூள் பிரச்சினை திரும்ப ஆரம்பித்தது. நான் பழையபடி 'தம்பி' ஆகிவிட்டேன். "ஏனுங்க தம்பி, செத்துப் பொழச்சு வந்தும் புத்தி வரலீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். தூள் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினால் இந்தச் சண்டையே இருக்காது. வாங்க முடியாமலும் இல்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, போன வருடம்தான் வாங்கினேன், அவர் துணி வீணாகக் கூடாது என்பதற்காக. வாங்கின பிறகும் மெஷின் போடுவதற்கு முன்னால் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். "அதான் தூளே வர்றதில்லீங்களே, அப்பறம் எதுக்குங்க வந்து சொல்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். அடுத்த நாளும் போய்ச் சொன்னேன், சரிங்க என்றார்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இனிமேல் ஆகும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. சாயங்காலம் ஆசாரிகள் போன பிறகு அந்த ஒற்றை அறையில் தனிமை அப்படியேதான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்னைத் தேட ஒருவரும் இல்லை என்று அன்றைக்கு நினைத்து அழுதேனே, அந்த அழுகையை மட்டும் இப்போது அழுவதில்லை. அன்பு இருக்கிறவர்கள்தான் தேடி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, கோபித்துக்கொள்கிற அளவுக்கு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலே போதும் என்று தெரிந்துவிட்டது.