ஆறாம் நாள் எண்ணிக்கை

கேரளத்தில், எருத்தேன்பதிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் நாச்சம்மாள் பதினாறு வருடமாகச் சமைக்கிறாள். அரிசிச் சாக்குக்குப் பின்னால் பாம்பு கிடந்தபோதுகூடக் கத்தாதவள். இந்த ஜூன் மாதம்தான் அவளுக்குப் பயம் வந்தது.

பள்ளி திறந்த இரண்டாம் நாள், தலைமையாசிரியர் பூபதிராஜா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நாச்சம்மாக்கா, இனி முட்டை, பால் வேண்டாமுங்க. சோறும் சாம்பாரும் போதும்."

"ஏனுங்க சார்?"

"டெல்லியில பணத்தைக் குறைச்சுட்டாங்களாம். திருவனந்தபுரத்துல கேட்டா எங்க கையிலயும் இல்லைங்கறாங்க. போன வருசம் நான் கைக்காசு போட்டேன். இனியும் போட்டா எங்க ஊட்டுல எனக்கே சோறு கிடைக்காது."

அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. ஆறாம் வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வருடம் முழுக்க ஆசிரியர் பணியிடம். இருபத்தாறு பிள்ளைகள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு பணியிடம் போகும், மௌனிகா டீச்சர் போய்விடுவாள். அவள் போனால் இரண்டு வகுப்பு ஒரே அறைக்குள் அடையும், பிள்ளைகள் இன்னும் குறைவார்கள், பிறகு பூட்டுதான். பக்கத்து ஊர்ப் பள்ளி அப்படித்தான் போனது. அதன் சமையலறையில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள்.

எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பள்ளி. அங்கே காலையிலேயே சூடாகப் பொங்கல், மதியம் முட்டை. வேறு சீருடை போட்ட பிள்ளைகள் அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர்களை எண்ணினாள்.

ஐந்தாம் நாள் மாலை வீடு வீடாகப் போனாள். கௌசிகா தக்காளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

"நாளைக்குப் பசங்கள அனுப்பிருவியல்ல அம்மணி?"

"முட்டை நின்னுபோச்சாமா அக்கா? நெசத்தச் சொல்லுங்க."

நாச்சம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். "புதன்கிழமை வந்துரும். சாரே சொன்னாரு."

எல்லா வீட்டிலும் அதையே சொன்னாள். வாழ்க்கையில் இத்தனை பொய்யை அவள் ஒரே நாளில் சொன்னதில்லை.

ஆறாம் நாள் எண்ணினார்கள். சரியாக இருபத்தாறு. மௌனிகா டீச்சர் சமையலறைக்கு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாச்சம்மாள் புதன்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை கௌசிகா நேராகச் சமையலறைக்கு வந்தாள். நாச்சம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். நாலு பேர் கேட்கத் திட்டப்போகிறாள் என்று பயந்தாள்.

"முட்டை வரலை அம்மணி. உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியுமுங்கக்கா. அன்னைக்கே உங்க மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்." கௌசிகா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்காகத்தான் எண்ணி முடியட்டும்னு இருந்தேன். இனி டீச்சருக்கு ஒண்ணும் ஆகாதில்ல? இன்னைக்கு டி.சி. வாங்கிக்கறேன். நான் ஏழு மணிக்கே காட்டுக்குப் போயிர்றேன். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல காலையிலயே வயித்துக்குப் போடறாங்க."

நாச்சம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். அலுவலக வாசலில் டி.சி. கேட்டு இன்னும் மூன்று தாய்மார்கள் நின்றிருந்தார்கள். வகுப்புக்குள் மௌனிகா டீச்சர் பெயர் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். தண்ணீர் கொதித்தது. எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.