தலைப்பு அக்கா

அலுவலகத்தில் அவளுக்குத் தலைப்பு அக்கா என்று பெயர். பூட்டு, கதவு மணி, கண்காணிப்புக் கேமரா விற்கிற நிறுவனம் அது. வாடிக்கையாளர்களுக்குப் போகிற மெயில்களை எழுதுவது அவள் வேலை. மெயிலுக்குள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், திறப்பதா குப்பையில் தள்ளுவதா என்று ஆட்கள் முடிவு செய்வது மேலே தெரிகிற அந்த ஒரு வரியை வைத்துத்தான். அந்த ஒரு வரி அவளுக்குக் கைவந்த கலை. பக்கத்து மேசைக்காரர்கள் விடுப்புக் கடிதம் எழுதினால்கூட அவளிடம் வந்து, மேலதிகாரி மறுக்க முடியாதபடி ஒரு தலைப்பு கேட்டு நிற்பார்கள்.

அவள் சேர்ந்தபோது அந்த மெயில்களை யாரும் சீண்டவில்லை. "எங்கள் புதிய தயாரிப்புகள்" என்று ஒரே தலைப்பு, உள்ளே முழ நீளத்துக்குப் படங்கள். அவள் முதலில் செத்துப்போன முகவரிகளைக் களைந்தாள். மெயிலைச் சுருக்கினாள். மேலே வாடிக்கையாளரின் பெயர், கீழே அழுத்துவதற்கு ஒரே ஒரு பொத்தான். பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து சாவி சிக்கிக்கொள்ளும் என்பது மாதிரி, வாங்காதவருக்கும் பயன்படுகிற ஏதாவது ஒன்றை எழுதினாள். திறக்கிறவர்கள் மெல்லக் கூடினார்கள். சிலர் நன்றி சொல்லிப் பதில்கூடப் போட்டார்கள். அந்தப் பதில்களை அவள் கணவரிடம் படித்துக் காட்டுவாள்.

விற்பனை மேலாளருக்கு அது போதவில்லை. எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் சொல்வார் என்பதால் அவருக்கும் சதவீதம் என்றே பெயர். மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எண்பது சதவீதம் பரவாயில்லை என்பார். ஒவ்வொரு முறையும் இரண்டு தலைப்பு எழுதி, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது என்று அனுப்பி, எது ஜெயிக்கிறதோ அதையே தொடரச் சொன்னது அவர்தான்.

அப்படி ஒருநாள் இரண்டாவது தலைப்பு எதுவும் தோன்றாமல், போகிற போக்கில் "வீட்டைப் பூட்டினீர்களா, நன்றாக ஞாபகம் இருக்கிறதா?" என்று எழுதிப் போட்டாள். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது திரையில், எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டுகிற கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. ஏதோ பழுது என்றுதான் நினைத்தாள். சதவீதம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் கேள்விகள். உங்கள் தெருவில் நேற்றுப் புதிதாக யாரையாவது பார்த்தீர்களா? நீங்கள் வீட்டில் இல்லாதது வேறு யாருக்குத் தெரியும்? ஒரு முறை மனசு உறுத்தி, இப்படிப் பயமுறுத்தலாமா என்று அவரிடம் கேட்டாள். கேள்வி கேட்பது எப்படிப் பொய்யாகும் என்று அவர் சிரித்தார். நல்ல விதமாக எழுதிய தலைப்பும் பயமுறுத்துகிற தலைப்பும் போட்டியிட்ட ஒவ்வொரு முறையும் பயம்தான் ஜெயித்தது. கடைசியில் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். மெயில் வந்தவுடன் திறக்கிறவர்களுக்கு அடுத்தது சீக்கிரம் போகும். அதையும் உடனே திறந்தால் இன்னும் சீக்கிரம், இன்னும் அழுத்தமாக. யாரும் உட்கார்ந்து அனுப்ப வேண்டியதில்லை, எல்லாம் தானாக நடக்கும். அவளுக்குத் தனி அறை கிடைத்தது.

இதில் அவளைவிடப் பெருமைப்பட்டது அவளுடைய மாமனார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகும் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த பழைய வீட்டிலேயே தனியாக இருந்தார். மருமகள் எழுதுவதைப் படிக்க வேண்டும் என்று தன் முகவரியையும் கொடுத்திருந்தார். வந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார். அவள் தலையைக் கண்டால் போதும், தலைப்பை ஒப்பிப்பார். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

முதலில் அவர் ஒரு பூட்டு வாங்கினார். மருமகள் கம்பெனி, வாங்காமல் இருக்க முடியுமா என்றார். பிறகு வாசலில் கேமரா வந்தது. பிறகு பின்கதவுக்கு இரும்புச் சட்டம். மகன் கேலி செய்தான், உள்ளே அப்படி என்னப்பா புதையல் என்று. அவர் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் இருப்பவன் ஏன் எப்போதும் இந்தப் பக்கமே பார்த்துத் துணி உலர்த்துகிறான் என்று திருப்பிக் கேட்டார். காலையில் நடக்கப் போவதை நிறுத்தினார். சன்னல்களுக்குக் கனத்த திரை போட்டார். அவள் போகும்போதெல்லாம் வீட்டுக்குள் காற்று புழுங்கி, இரும்பும் பழைய சோப்பும் கலந்த ஒரு வாடை அடித்தது. வயதானவர், தனிமை, அப்படித்தான் இருக்கும் என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவர் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க கம்பெனிக்கு என்னப் பத்தி ஏதோ தெரிஞ்சிருக்கும்மா. இப்பல்லாம் தினமும் எழுதுறாங்க. என் பேர் போட்டு, என் தெருப் பேர் போட்டு. சும்மா எழுதுவாங்களா?"

அது எல்லாருக்கும் போகிறதுதான் மாமா என்றாள். அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார், சின்னப் பிள்ளைக்கு விஷயம் தெரியாது என்கிற மாதிரி. வீடு திரும்பும் வழியில் அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருவருக்குத் தினமும் மெயில் போகிறது என்றால் அவர் ஒவ்வொன்றையும் வந்த நிமிடமே திறக்கிறார் என்று அர்த்தம். மறுநாள் காலை அவர் முகவரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் புதுக் கேமரா அறிமுகம். தலைக்கு மேல் வேலை. மறந்துபோனாள். அன்று அவள் எழுதிய தலைப்பு, அதுவரை எழுதியதிலேயே அதிகம் பேர் திறந்தது: "பழகிய குரலில் ஒருவர் கதவைத் தட்டினால்?"

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாமனார் போனை எடுக்கவில்லை. கணவருக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையில் வேலை. அதனால் மதியம் அவள் தனியாகப் போனாள். மணியை அழுத்தினாள். கேமராவுக்கு மேல் சிவப்புப் புள்ளி எரிந்தது. உள்ளே தரையோடு தரையாக ஏதோ இழுபடுகிற சத்தம்.

"மாமா, நான்தான். கதவத் திறங்க."

பிறகு கதவுக்கு மிகப் பக்கத்தில், தாழ்வாக, முழங்கால் உயரத்திலிருந்து அவர் குரல் வந்தது. அவளிடம் பேசவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அவ குரல் மாதிரியே இருக்கு. அப்படியே இருக்கு."

அவர் விழுந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அடிபட்டதா என்று கேட்டாள், சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னாள், அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயங்களைச் சொல்லிப் பார்த்தாள். மாமியாரின் கடைசி நாட்களில் அவர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைச் சொன்னாள்.

"இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுகிட்ட?" என்றார்.

அவள் போன் செய்ததும் கணவர் ஓடிவந்தார். மகன் குரலும் எடுபடவில்லை. எதிர்வீட்டு மாடிக்காரர் இறங்கி வந்து உதவட்டுமா என்று கேட்டதும், உள்ளே அவர் கத்தத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் அவள் தன் நிறுவனத்திலேயே பூட்டுப் பொருத்துகிறவரை வரவழைத்தாள். அவர் கதவைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம சரக்குதான் மேடம். லேசுல விடாது."

துளைக்கும் கருவி கதவில் இறங்கிய ஒவ்வொரு தடவையும் உள்ளே அந்தக் குரல் உயர்ந்தது. தெருவே கூடி நின்று கேட்டது. வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் கதவு விலகியது. இடுப்பு எலும்பு முறிந்து, சுவரில் சாய்ந்து கிடந்தார். கையில் ஒரு இரும்புக் கம்பி. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத உதடுகள். அவள் முன்னால் மண்டியிட்டபோது கம்பியை ஓங்கினார். அவள் நகரவில்லை. அவர் கம்பியை மெல்ல இறக்கினார். ஆனால் கண்களில் நிம்மதி வரவில்லை.

"முகமும் அவளுதுதான்," என்று முணுமுணுத்தார்.

எலும்பு கூடியது. அவரைத் தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். அவள் சதவீதத்திடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லி, அந்த மெயில்களை நிறுத்தச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சில வாரம் நிறுத்தியும் வைத்தார். விற்பனை விழுந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டு, அவளைக் கூப்பிட்டு, அதை இப்போது அவள் எழுதவில்லையே, முன்பு எழுதியதுதான் தானாகப் போகிறது, அவள் பார்க்காமல் இருந்தால் போதும் என்றார். அந்த மாதமே வேலையை விட்டாள். செடி விதை விற்கிற ஒரு சின்னக் கடைக்கு இப்போது எழுதுகிறாள். அந்த மெயில்களைத் திறப்பவர்கள் குறைவு. எப்போது நீர் ஊற்ற வேண்டும், எப்போது ஊற்றக் கூடாது என்று எழுதுகிறாள்.

மாமனாரின் முகவரியை அவளே எடுத்துவிட்டிருந்தாள். மெயில் நின்றால் ஆள் தெளிந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவரோ வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு குறைந்தது. தினமும் எச்சரித்தவர்கள் திடீரென்று நிறுத்தினார்கள் என்றால் அவர்களுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று மகனிடம் சொன்னார். இனி எது வந்தாலும் முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை என்றார்.

அதைக் கேட்டுவிட்டு அவள் சமையலறையில் நின்றபடியே அவருக்கு ஒரு மெயில் எழுதினாள். தலைப்பில் "மாமா, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று போட்டாள். உள்ளே, கதவு பூட்டியிருக்கிறது, நாம் மூன்று பேரும் வீட்டில்தான் இருக்கிறோம், பயப்பட எதுவும் இல்லை என்று எழுதித் தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். பக்கத்து அறையில் அவர் போன் ஒலித்தது. வந்த நிமிடமே அவர் அதைத் திறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

கைத்தடியை ஊன்றி மெதுவாகச் சமையலறை வாசலுக்கு வந்தார். அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் இருந்த சன்னலைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குனிந்து கேட்டார்.

"யாரும்மா இத உன்ன எழுதச் சொன்னது?"