தம்பி நாக்குக்கு நடந்த வைத்தியம்

வசம்பை விளக்குச் சுடரில் காட்டிக் கருக்கும்போது எழும் காரமான புகை மூக்கில் ஏறினால் போதும், எந்த ஊரில் இருந்தாலும் நான் தென்காசியில் எங்கள் பழைய வீட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்; அந்தப் "பிள்ளை மருந்தை" அம்மா தேனில் குழைத்துத் தம்பி சுப்பையாவின் நாக்கில் தேய்ப்பதும், அவன் முகத்தைக் கோணிக்கொண்டே ஏதோ கதை சொல்லத் தொடங்குவதும் கண்முன் வந்து நிற்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தம்பிக்கு ஐந்து வயது. வாய் மூடாத பிள்ளை. ஆனால் 'க' வராது, அந்த இடத்தில் 'த'தான் வரும். அக்காவான என்னை "அத்தா" என்பான், கதவைத் "ததவு" என்பான். எனக்கு எல்லாம் புரிந்தது. தெருவில்தான் அவனைப் பேசவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார்கள். கடைத்தெருவில் நாலு பேர் மதிக்கிற வியாபாரியான ஐயாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, அது பெரிய மானக்கேடு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் நாக்கைத் திருத்திவிட முடிவு கட்டினார்.

எங்கள் வீட்டில் மத்தியானம் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகுதான் இலை போடுவது. அந்த வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். "ஏலே, 'கா கா'ன்னு சரியாக் கூப்பிடு. பெறவு சாப்பிடலாம்." அவன் "தா! தா!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கூவுவான். காக்கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகும். ஐயாதான் ஒப்புக்கொள்ள மாட்டார். சோறு ஆறிக்கொண்டிருக்கும், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள், அவன் பசியோடு கூவிக்கொண்டே இருப்பான்.

ஆடிச் சாரலில், "உச்சந்தலையில அருவி விழுந்தா நாக்கு இளகும்" என்று அத்தை சொல்ல, வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். ஐயா அவனைத் தோளோடு பிடித்துப் பேரருவியின் ஓரத்தில் நிறுத்திக் கத்தச் சொன்னார். அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. அது புரிந்ததும் தம்பியின் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்து, மனம்போனபடி கத்தினான். திருத்த ஆளில்லாமல் அவன் பேசியது அன்று ஒருநாள்தான்.

திரும்பும் வழியில் ஐயா, "இப்பம் சொல்லு, கா" என்றார். "தா" என்றான், ஆசையோடு. வண்டிக்காரர் சிரித்துவிட்டார். ஐயா அவன் வாய்மேல் ஓங்கி அறைந்தார். உதட்டில் ரத்தம் கசிந்தது. அவன் அழவில்லை. மறுநாள் காக்கைச் சோற்றோடு கொல்லைச் சுவரருகே போய் நின்றான். வாயைத் திறக்கவே இல்லை.

பால்பல் விழுகிற வயதில் அந்த 'க' தானாகவே வந்தது. ஒருநாள் "அக்கா, தண்ணி" என்றான், சுத்தமாக. எல்லாம் அருவியின் மகிமை என்று ஐயா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் அதற்குள் தம்பியிடம் பேச்சே அற்றுப்போயிருந்தது. கேட்டால் ஒரு சொல். கேளாவிட்டால் அதுவும் இல்லை.

போன மாதம் அவன் காலமானான். துக்க வீட்டில் அவன் பெண்சாதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன் மயினி, அவிய சின்னப்பிள்ளையிலயே இப்பிடித்தானா? எங்கிட்ட நாலு வார்த்த சேந்தாப்ல பேசுனதில்ல" என்று கேட்டாள்.

"இல்லட்டி, வாய் ஓய மாட்டான். கத கதயாச் சொல்லுவான்" என்றேன்.

அந்தக் கதைகளைக் கேட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். அவள் நம்பாமல் என்னை இரக்கத்தோடு பார்த்து, "வயசாயிட்டுல்லா மயினி" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள்.