த்ராவோரே வாயைத் திறந்த படம்

ஞேலே டியாராவுக்கு இரண்டு பேர் மேல் பைத்தியம். இரண்டு பேரும் அவளுடைய பமாகோ நகரத்தில் புகைப்பட ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள்; இப்போது உயிரோடு இல்லை. சேய்து கேயிதாவின் படங்களில் பூப்போட்ட துணிக்கு முன்னால் ஆட்கள் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். மாலிக் சிதிபேயின் படங்களில் இளவட்டங்கள் வியர்க்க வியர்க்க ஆடுவார்கள். புகைப்படப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் எடுத்ததெல்லாம் இவர்களைப் பார்த்து எடுத்ததுதான்.

ஒருநாள் பள்ளி ஆசிரியர் தெம்பேலே சார் அவளுடைய படங்களை மேசையில் பரப்பினார்.

"துணி கேயிதாவோடது. ஆட்டம் சிதிபேயோடது. இதுல நீ எங்கம்மா இருக்க? வெள்ளிக்கிழமைக்குள்ள உன் படம்னு ஒண்ணே ஒண்ணு கொண்டா. இல்லன்னா இந்த வருஷத்தத் திரும்பப் படி."

பயத்தில் ஞேலேவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மறுபடியும் பூப்போட்ட துணியைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஸூமானா த்ராவோரேயின் கடைச் சுவரில் அதைக் கட்டி, அவரையே உட்காரச் சொன்னாள்.

அங்கேதான் தப்புச் செய்தாள். டியாரா குலமும் த்ராவோரே குலமும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறைக்காரர்கள். பார்த்தால் 'அடிமை', 'பயறு தின்னி' என்று வம்பிழுத்தே ஆகவேண்டும். இழுக்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அப்படிப்பட்டவரிடம் போய், "அண்ணே, இன்னைக்கு மட்டும் கேலி வேணாம். பரீட்சை. வாயத் திறக்காம இருங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

ஸூமானா பாவம், நீல அங்கியை மாட்டிக்கொண்டு வாயை இறுக்கி உட்கார்ந்தார். அடையாள அட்டைக்கு எடுப்பது போலவே இருந்தது. பள்ளியில் கொடுத்தது ஒரே ஒரு ஃபிலிம் ரோல். அவரை இப்படியே எடுத்து எடுத்து, அதிலும் கடைசிப் படம்தான் மிச்சம்.

"தோளத் திருப்புங்கண்ணே. மோவாயத் தூக்குங்க."

அவ்வளவுதான், மனிதர் பொங்கிவிட்டார்.

"திருப்பு, தூக்கு, மூடு! ஒரு டியாரா த்ராவோரேய வேலை வாங்குற காலமும் வந்துருச்சா? ஏய் பயறு தின்னி, உங்க தாத்தனே எங்க வீட்டு அடிமைடி!"

ஞேலேயின் நாக்கு சும்மா இருக்குமா?

"யாரு பயறு தின்னி? எங்க வீட்டுத் தட்டைப்பயறுச் சட்டிய வழிச்சு நக்குனவரு பேசுறாரு பாரு! அதான் அங்கிக்குள்ள நிக்குதே, அந்தத் தொப்பை!"

"தொப்பையா? அடியேய்!"

அவர் விரலை நீட்டிக்கொண்டு எழுந்ததில் துணி சரிந்தது. ஞேலே சிரித்த சிரிப்பில் அவள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. அவர் நீட்டிய விரல் கலங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. சரிந்த துணிக்குப் பின்னால் பழைய டயர்கள் வேறு. ஆனாலும் மற்றதெல்லாம் மரக்கட்டை. இதையே கொண்டுபோய் நீட்டினாள்.

தெம்பேலே சார் வெகுநேரம் பார்த்தார்.

"யாரத் திட்டுறாரு?"

"என்னத்தான் சார்."

"அப்பாடா, ஒருவழியா நீ படத்துக்குள்ள வந்துட்ட" என்று சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

படத்தின் ஒரு பிரதியை ஸூமானா கடையில் டயர்களுக்கு நடுவே மாட்டி, கீழே சாக்கட்டியால் எழுதினார்: 'எடுத்தவள் எங்கள் அடிமை.' மறுநாள் காலை அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'உள்ளே இருப்பவர் பயறு தின்னி.'