டின்னில் ஊற்றிய கஞ்சி

நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம், பிள்ளைக் காம்பராவில் ரேடியோ இருக்க வேண்டிய காரணங்கள். வலப்பக்கம், இருக்கக்கூடாத காரணங்கள். இடப்பக்கம் ஏழு வரிகள் உடனே நிரம்பின. வலப்பக்கம் எதுவும் தோன்றவில்லை.

தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது மருத்துவிச்சியாக இருந்தேன். பயிற்சி முடித்து இரண்டாம் வருடம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் காம்பராவும் என் பொறுப்பில் இருந்தது. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் புது ரேடியோ வாங்கியதும் பழைய பேட்டரி ரேடியோவை எங்களுக்குத் தந்தார்கள்.

"ஆத்தாளை நெனச்சு அழுவுற புள்ளைக எல்லாம் இந்தப் பொட்டி பேசுனா வாய மூடிருதுக மிஸ்ஸி. இதைக் கொண்டுபோயிராதீங்க" என்றாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா.

பாட்டுகளைவிட விளம்பரங்களையே பிள்ளைகள் சீக்கிரம் மனப்பாடம் செய்தார்கள். ஒரு சத்துப்பான விளம்பரத்தில், "தம்பிக்கு ஒரு கப், எனக்கு ஒரு கப்" என்று ஒரு சிறுமி பாடுவாள். காம்பராவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கைதட்டிப் பாடுவாள். அவளுக்கும் வீட்டில் நாலு மாதத் தம்பி இருந்தான். பாடப் பாட, நாங்கள் கொடுக்கும் குரக்கன் என்ற கேழ்வரகுக் கஞ்சியைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். எடைப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே எண் இரண்டு முறை இறங்கியது.

கிளாக்கர் வீட்டிலிருந்து அந்தச் சத்துப்பானத்தின் காலி டின் ஒன்று கேட்டு வாங்கினேன். கழுவி, கஞ்சியை அதில் ஊற்றி வைத்தேன்.

"இது ரேடியோ சொல்றதா, மிஸ்ஸி?"

"டின்னுல இருந்துதானே ஊத்துறேன், பாரு."

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் குடித்தாள். மற்றவர்களும் குடித்தார்கள். எடை ஏறியது. இடப்பக்கத்தில் எட்டாவது வரி எழுதினேன்.

அந்த நோட்டிலேயே இன்னொரு பட்டியலும் இருந்தது. சுத்தம் பார்க்கத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனபோது எழுதியது: காலி டின்களில் என்னென்ன வைக்கிறார்கள். உப்பு, மண்ணெண்ணெய், வெற்றிலை, ஆணி, சுண்ணாம்பு. பெரிய வீடுகளிலிருந்து வரும் காலி டின்னை லயத்தில் யாரும் எறிவதில்லை. அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு காலை. அந்தச் சிறுமியின் தாய் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். சுவருக்கு வெள்ளையடிக்க அவளுடைய அப்பா சுண்ணாம்பு வைத்திருந்தது அதே படம் போட்ட டின்னில். சிறுமி அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முதல் வாயைத் தம்பிக்குக் கொடுத்தாள். ரேடியோப் பாட்டிலும் அப்படித்தான் வரும்.

குடத்தோடு திரும்பிய தாய் டின்னைத் தட்டிவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். உள்ளே அதிகம் போகவில்லை. உதடும் நாக்கு நுனியும் வெந்திருந்தன. கொதித்தாறிய தண்ணீரால் துடைத்துத் துடைத்துக் கழுவினேன். தோட்டத்து டாக்டரய்யா பார்த்துவிட்டு, தொண்டையில் புண் இல்லை, ஆனால் பால் குடிக்காவிட்டால் ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். குழந்தை மார்பில் வாய் வைத்ததும் வீறிட்டது. பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டோம். பாதி வெளியே வழிந்தது. எத்தனை கரண்டி உள்ளே போனது என்று எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதாமல் உட்கார முடியவில்லை.

"புள்ளய ஏசாதீங்க மிஸ்ஸி" என்றாள் தாய். "நீங்க குடுக்குற டின்னுதானே, நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சிருக்கா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காம்பராவில், எல்லாப் பிள்ளைகளின் முன்பும் டின்னின் படத்தைக் கிழித்தேன். "இதுக்குள்ள இருந்தது எப்பவும் நம்ம குரக்கன் கஞ்சிதான்" என்றேன்.

சிறுமி டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ரேடியோவில பாடுற புள்ளையும் கஞ்சிதான் குடிக்குதா?"

"எனக்குத் தெரியாது."

"நீங்கதானே சொன்னீங்க."

அன்று அவள் கஞ்சியைத் தொடவில்லை. மூன்று பிள்ளைகள் அவளைப் பார்த்துத் தொடவில்லை. ரேடியோவைத் துணியில் சுற்றிக் கிளாக்கர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். "பச்சப் புள்ளைக, பாட்டுத்தானே கேட்டுச்சுக?" என்றார் அவர் மனைவி. நாலு வயதுக்குப் பாட்டு எது, விற்பனை எது என்று தெரியாது என்றேன். தெரிந்த நானே அதை வைத்து ஊட்டினேன் என்பதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை காம்பராவில் குழந்தை அழாமல் மார்பைப் பிடித்தது. தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சிறுமி பக்கத்தில் நின்று தம்பியின் வாயையே பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, என் கையிலிருந்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள்.

"என்னாது இது?"

"குரக்கன் கஞ்சி."

"நீங்க மொதல்ல குடிங்க" என்றாள்.

குடித்தேன்.