றெக்கைக்குள்ள ஒரு பள்ளம்

நாலு வருசத்துக்கு முந்தி, ஓசூர் பக்கத்துல ஒரு பேக்டரியில நடந்தது இது. ஆனா எனக்கு முழுசா உறைச்சது போன தை மாசம், கூடலூர்ல ஒரு திராட்சைத் தோட்டத்துல.

எனக்குச் சொந்த ஊரு தேவாரம். டிப்ளமோ முடிச்சுட்டு, விமானத்தோட றெக்கையைப் பூட்டுற பேக்டரியில வேலைக்குச் சேந்தேன். ஊருக்குப் போனா இன்னமும், பிளேன்லதான் போக வரவான்னு கேக்குறவுக உண்டு. நான் ஒரு தடவைகூட ஏறுனதில்ல. றெக்கைக்கு உள்ள கிடந்ததுதான் மிச்சம்.

உள்ள எப்படின்னா, அடியில முறம் அளவுக்கு ஒரு வழி இருக்கும். அதுல தலையும் ஒரு தோளும் நுழைச்சு, மல்லாந்தபடி கையை நீட்டி வேலை பாக்கணும். சாதா டிரில்லு அங்கன திரும்பாது. அதனால முனையில ஆங்கிள் ஹெட்டுன்னு ஒண்ணு மாட்டுவோம். மடக்குன முழங்கை மாதிரி இருக்கும். ஓட்டை விழுற இடம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. சின்னக் கண்ணாடியை வச்சு ஒருக்காப் பாத்துட்டு, பெறகு விரல் சொல்றபடிதான். ஓட்டை போட அதுல மாட்டுற கம்பியை பிட்டுன்னு சொல்லுவோம். அதுவும் குட்டையா, கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. நீள பிட்டைப் போட்டா, தகட்டைத் தாண்டிப் போயி பின்னால இருக்குறதைக் குத்திரும்.

அந்த வேலையில நான் கெட்டிக்காரின்னு பேரு. அதுக்கேத்த திமிரும் இருந்துச்சு, ஒளிக்கிறதுக்கென்ன.

எங்க ஊருப் பக்கம், கூடலூர்ப் புள்ள ஒருத்தியை நான்தான் அங்க சேத்துவிட்டேன். ஊருக்குப் போறப்ப பஸ்சுல பழக்கம். என்னைவிட மூணு வயசு எளையவ, வாய் நெறைய அக்கான்னுதான் கூப்பிடுவா. அனுப்புறப்பவே அவுக அப்பா என்கிட்டக் கறாராச் சொன்னாக. ஒரு குறை, ஒரு புகாருன்னு காதுல விழுந்தாக்கூட கூட்டிட்டு வந்துருவேன், மாப்பிள்ளை பாத்துருவேன்னு. அவளுக்கோ அந்த வேலைன்னா உசுரு. சாப்பாட்டு நேரத்துலகூட கழிச்சுப் போட்ட தகட்டுல ஓட்டை போட்டுப் பழகுவா.

அன்னைக்கு என் ஷிப்டு முடியக் கால் மணி நேரம் இருந்துச்சு. என் வரிசையில மூணு ஓட்டை பாக்கி. குட்டை பிட்டு மழுங்கிப் போச்சு. புதுசு வேணும்னா ஸ்டோருல பழசைக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கணும். அங்கன போயிப் பாத்தா கூட்டம். என் பெட்டியில நீளமா ஒரு பிட்டு கிடந்துச்சு. நமக்குத் தெரியாததா, கடைசியில கையை இழுத்துக்கிட்டாப் போச்சுன்னு அதை மாட்டுனேன். ரெண்டு ஓட்டை ஒழுங்கா விழுந்துச்சு. மூணாவதுல, தகடு தாண்டுன ஒடனே கை ஒரு நெல்லு அளவு முன்னால போயிருச்சு. கண்ணாடியை வச்சுப் பாத்தா, பின்னால இருந்த சட்டத்துல பாசிப்பயறு அளவுக்கு ஒரு பள்ளம்.

எங்க பேக்டரியில தப்புப் பண்ணா திட்டுறது கெடையாது. வேலையை நிறுத்திட்டு, சிவப்புச் சீட்டைக் கட்டிட்டு, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லணும். அம்புட்டுத்தான். இன்ஜினியர் வந்து பாத்து, எப்படிச் சரிபண்றதுன்னு எழுதிக் குடுத்துருவாக. மறைக்கிறதுதான் பெருங்குத்தம். புதுசா வர்ற பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுக்குறதே நான்தான், பாத்துக்கங்க. ஆனா அடுத்த வாரம் லைன் லீடர் பொறுப்புக்கு என் பேரைச் சொல்லப் போறாகன்னு பேச்சு அடிபட்டுக்கிட்டு இருந்துச்சு. இந்த நேரத்துலயா சிவப்புச் சீட்டுன்னு மனசு அடிச்சுக்கிச்சு. சின்னச் சிராய்ப்புத்தான, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வெளிய வந்துட்டேன்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தது அவதான். டிரில்லை அப்படியே அவ கையில குடுத்து, பக்கத்து வரிசையை முடிச்சுட்டு ரெண்டுக்கும் சேத்து நீயே முத்திரை போட்டுருன்னு சொல்லிட்டுக் கிளம்புனேன். எங்க ஒவ்வொருத்தருக்கும் நம்பரோட ஒரு முத்திரை உண்டு. நம்ம போட்ட ஓட்டைக்கு நம்மதான் வேலைக் கார்டுல அடிக்கணும். ஆனா கடைசியா முடிக்கிறவுக மொத்தத்துக்கும் அடிச்சுவிடுறது எங்களுக்குள்ள ஒரு வழக்கமாப் போச்சு. அன்னைக்கு அந்த வழக்கம் எனக்கு வசதியாப் போச்சு.

மறுநாள் சோதனை பண்ண வந்தவுக கண்ணுல பள்ளம் பட்ருச்சு. சட்டத்தைச் சரிபண்ணிட்டாக, றெக்கைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கார்டுல இருந்தது அவ முத்திரை. அவ, நான் பண்ணலன்னு ஒரு தடவை சொன்னா. அதுக்கு மேல பேசல. பெறகு என்னைக் கூப்பிட்டு, நீங்க விட்டுட்டுப் போறப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டாக. அவ எனக்குப் பக்கத்துலதான் நின்னா.

"நல்லாத்தான் சார் இருந்துச்சு."

அப்படித்தான் சொன்னேன். நாக்கு கூசல.

தப்புப் பண்ணதுக்காக இல்ல, மறைச்சான்னு சொல்லி அவளை டிரில் வேலையில இருந்து எடுத்துட்டாக. பேக்கிங்ல போட்டாக. சேதி ஊர்க்காரப் பிள்ளைக வழியாக் கூடலூருக்குப் போயிருச்சு. அவுக அப்பா சொன்னபடியே பண்ணிட்டாக. மாசக் கடைசியில அவ வேலையை விட்டா. நான் லைன் லீடரானேன். எப்படியும் கல்யாணம் பண்ணிப் போறவதானன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். எம்புட்டுக் கேவலமான சமாதானம்!

போன தையில கூடலூர்ல ஒரு கல்யாணம். மண்டபத்துல அவ வீட்டுக்காரரு என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, அவ தோட்டத்துல இருக்கா, பாக்காமப் போனா வருத்தப்படுவான்னு கூட்டிட்டுப் போனாக. பந்தலுக்கு அடியில நின்னு திராட்சைக் குலையை வெட்டிக்கிட்டு இருந்தா. இங்கனயும் அண்ணாந்த வேலைதான்க்கா, தப்பிக்க முடியலன்னு சிரிச்சா. வீட்டுக்காரரு காப்பி வாங்கப் போன பெறகு, ஒவ்வொண்ணா விசாரிக்க ஆரம்பிச்சா. புது மாடல் றெக்கை வந்துருச்சா, ஆங்கிள் ஹெட்டு இப்ப இன்னும் சிறுசா வருதாமே, அந்த மூலைக்கு இப்ப யாரு கை நுழையுதுன்னு. சொந்தபந்தத்தை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சா. என்னால நிக்க முடியல. அந்தப் பள்ளம் நான் போட்டதுதான்டின்னு சொல்லிட்டேன்.

அவ வெட்டுறதை நிறுத்தல.

"தெரியும்க்கா. நீங்க குடுத்துட்டுப் போன டிரில்லுல நீள பிட்டுதான கிடந்துச்சு. நான்தான கழட்டிட்டுக் குட்டை பிட்டை மாட்டுனேன்."

பெறகு ஏன்டி அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன். அப்பத்தான் என்னைத் திரும்பிப் பாத்தா.

"நீங்களே சொல்லிருவீகன்னு இருந்தேன். பஸ் கிளம்புற வரைக்கும் இருந்தேன்க்கா."

கோவமாச் சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பேன். அவ அதைச் சும்மா நடந்த விசயமாச் சொன்னா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். விடுங்கக்கான்னு சொன்னாளே ஒழிய, பரவால்லன்னு சொல்லல. சொல்லணும்னும் இல்ல.

ஊருல இருந்து திரும்புன திங்கக்கிழமையே மேனேஜர்கிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். பழைய பேப்பரை எடுத்து அவ பேருல இருந்த குத்தத்தை நீக்கி எழுதுனாக. லீடர் பொறுப்பை என்கிட்ட இருந்து எடுத்துட்டாக. அதுல எனக்கு வருத்தமே இல்ல. அவ மறுபடி வர்றதா இருந்தா எடுத்துக்குவோம்னும் சொன்னாக. போன் போட்டுச் சொன்னேன். கைப்பிள்ளையை விட்டுட்டு எங்கக்கா வர்றதுன்னு கேட்டுட்டு, வேற பேச்சுக்குப் போயிட்டா.

அப்ப வேலையை விட்டுட்டு அவ ஊருக்குக் கிளம்புன அன்னைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனதே நான்தான். ஜன்னலோரமா எடம் பிடிச்சுக் குடுத்து, தண்ணி பாட்டிலும் வாங்கிக் குடுத்தேன். அவ என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. பிரிய மனசில்லாமப் பாக்குறான்னு நெனச்சு, நானும் கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கையாட்டுனேன். செஞ்ச தப்பை எப்ப வேணும்னாலும் ஒத்துக்கலாம், ஆனா அதை எதிர்பாத்து ஒருத்தி உக்காந்திருந்த அந்த நேரம் திரும்ப வராதுன்னு தெரிய எனக்கு நாலு வருசம் ஆச்சு.